செத்துப்போன கம்பெனிக்குப் புதுத் தலைவர்

கேள்வி: நானும் இரண்டு நண்பர்களும் 2006ல் நெவாடா மாநிலத்தில் பதிவு செய்து ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தினோம். பங்குகள் ஓ.டி.சி. சந்தையில் (பெரிய எக்ஸ்சேஞ்சுகளுக்கு வெளியே நடக்கும் பங்கு வர்த்தகம்) இருந்தன. 2012ல் பணம் தீர்ந்ததும் ஆபீஸை மூடிவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விட்டோம். கம்பெனியை முறைப்படி கலைக்கவில்லை. ஒரு நண்பர் இறந்துவிட்டார். இன்னொருவர் அப்போதே இயக்குநர் பதவியிலிருந்து விலகி இந்தியா திரும்பிவிட்டார். நான் விலகல் கடிதம் எதுவும் எழுதியதில்லை. போன மாதம் தற்செயலாக நெவாடா அரசின் பதிவேட்டைப் பார்த்தால் கம்பெனி ‘ஆக்டிவ்’ என்று இருக்கிறது. தலைவர், செயலாளர், பொருளாளர், இயக்குநர் என்று நாலு இடத்திலும் எனக்குத் தெரியாத ஒரே ஆளின் பெயர். பத்து நாள் கழித்து அவர் சார்பாக ஒருவர் போன் செய்தார். “பழைய பேப்பர்களைச் சரிசெய்கிறோம். 2014 தேதி போட்ட ராஜினாமா கடிதம் அனுப்புகிறேன், கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், 5,000 டாலர் தருகிறோம்” என்கிறார். என்னிடம் இன்னும் 6 லட்சம் பங்குகள் இருக்கின்றன. அவர் கம்பெனியைத் தூக்கி நிறுத்தினால் எனக்கும் லாபம்தானே? கையெழுத்துப் போடலாமா? பேசாமல் இருந்துவிட்டால் வம்பு ஏதும் வருமா? (பெயர் வெளியிட வேண்டாம், நியூஜெர்சி)

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

கையெழுத்துப் போடாதீர்கள். 2014ல் நீங்கள் எழுதாத கடிதத்துக்கு இன்று 2014 என்று தேதி போட்டு, அது மின்னஞ்சலில் ஊர் விட்டு ஊர் போய், அதை நம்பி யாராவது பங்கு வெளியிட்டால், வயர் ஃப்ராட் (மின்னணு வழியாகச் செய்யும் மோசடி) என்ற ஃபெடரல் குற்றத்தில் நீங்களும் ஒரு ஆள். அதற்கு 20 ஆண்டு வரை சிறை உண்டு. 5,000 டாலருக்கு அது கட்டுபடியாகாது.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த 5,000 டாலர்தான். பதிவேட்டில் நாலு பதவியையும் கையில் வைத்திருக்கும் மனிதருக்கு உங்கள் கையெழுத்து எதற்கு? யாரோ அவரிடம், “முந்தைய இயக்குநரிடமிருந்து அதிகாரம் உங்களுக்கு எப்படி வந்தது, காட்டுங்கள்” என்று கேட்டிருக்கிறார்கள். டிரான்ஸ்ஃபர் ஏஜென்டாக (கம்பெனியின் பங்குதாரர் பட்டியலை வைத்துக்கொண்டு பங்கு வெளியீட்டையும் மாற்றத்தையும் பதிபவர்) இருக்கலாம், அவருடைய வக்கீலாகவே இருக்கலாம். அவரிடம் காட்ட எதுவும் இல்லை. அதாவது வாசலில் அவர் காலை வைத்துவிட்டார், உள்ளே இன்னும் நுழையவில்லை. இது என் ஊகம்தான். ஆனால் இந்த வகைக் கேஸ்களில் காசு கொடுத்துப் பழைய தேதியில் கையெழுத்துக் கேட்பதற்கு வேறு காரணத்தை நான் பார்த்ததில்லை.

கூடு விட்டுக் கூடு பாயும் கதைகளைச் சின்ன வயதில் படித்திருப்பீர்கள். உயிர் போன உடலைத் தேடிப்பிடித்து அதற்குள் புகுந்துகொண்டு அந்த ஆளாகவே நடமாடுவது. இதுவும் அதுவேதான். உங்கள் கம்பெனியில் பணமில்லை, ஆபீஸ் இல்லை, ஊழியர் இல்லை. ஆனால் ஒரு டிக்கர் (சந்தையில் பங்குக்கு உள்ள சுருக்கக் குறி) இருக்கிறது, க்யூசிப் எண் (பங்கின் அடையாள எண்) இருக்கிறது, கொஞ்சம் பங்குதாரர்கள் இருக்கிறார்கள். புதிதாக ஒரு கம்பெனியைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் ஆடிட், வக்கீல், எஸ்.இ.சி. (அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பு) பரிசீலனை என்று பெரும் செலவு, நீண்ட காத்திருப்பு. ஏற்கெனவே சந்தையில் இருக்கும் வெறும் கூடு கிடைத்தால், அதற்குள் ஒரு தனியார் கம்பெனியை ரிவர்ஸ் மெர்ஜர், அதாவது தலைகீழ் இணைப்பு, வழியாக நுழைத்துவிடலாம். அல்லது அதுகூட வேண்டாம். பெயரை மாற்றி, அந்த வருஷம் மோஸ்தரில் இருக்கும் தொழில் எதையாவது அறிவித்து, விலையை ஏற்றி, கையில் இருப்பதைத் தள்ளிவிட்டு நடையைக் கட்டலாம்.

நுழைவதற்கான முதல் வாசல் மாநிலப் பதிவேடுதான். அதைத் திறப்பது வருத்தப்படும் அளவுக்குச் சுலபம். அங்கே இருப்பவர்கள் தாளை வாங்கி, கட்டணத்தை வாங்கி, பதிவு செய்பவர்கள். கையெழுத்துப் போட்டவர் உண்மையிலேயே இயக்குநர்தானா என்று விசாரிப்பது அவர்கள் வேலை இல்லை. பொய் ஆவணம் தாக்கல் செய்வது அங்கேயும் குற்றம்தான், ஆனால் யாராவது புகார் செய்தால்தான் அது வெளியே வரும். ஆகவே ‘ஆக்டிவ்’ என்ற வார்த்தையைப் பார்த்துக் கலங்க வேண்டாம். அடுத்தவர் வீட்டுக்கு வரி கட்டிவிட்டு, ரசீதைக் காட்டி வீடு தன்னுடையது என்று சொல்வதற்கு என்ன மதிப்போ அதுதான் இதற்கும்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்று உண்டு. நெவாடாவில் ஐந்து ஆண்டுக்கு மேல் ரத்தாகிக் கிடந்த கம்பெனியைப் பாக்கிக் கட்டணத்தை மட்டும் கட்டி எழுப்ப முடியாது. கம்பெனியின் பழைய ஆட்கள் சம்மதித்தார்கள் என்று யாராவது எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் நீதிமன்ற உத்தரவு இருக்க வேண்டும். அந்தத் தாளின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். யார் கையெழுத்து, என்ன சொல்லிப் போட்டிருக்கிறார் என்பது அதில் இருக்கும். உங்கள் பெயரே இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். இயக்குநர் இறந்து எட்டு மாதம் கழித்து அவரே கையெழுத்துப் போட்ட ராஜினாமா கடிதம் ஒன்றை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

நீதிமன்ற உத்தரவு என்று சொன்னேன் இல்லையா, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கைவிடப்பட்ட கம்பெனியை எடுத்து நடத்தும் எல்லோரும் திருடர்கள் இல்லை. நெவாடா சட்டத்தில் 78.347 என்று ஒரு பிரிவு இருக்கிறது. கம்பெனி தொழிலைக் கைவிட்டுவிட்டது, கலைக்கவும் இல்லை என்றால், பங்குதாரர் ஒருவர் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் கஸ்டோடியனை (கம்பெனியைப் பொறுப்பேற்று நிர்வகிக்கும் ஆளை) நியமிக்கக் கேட்கலாம். பழைய இயக்குநர்களைத் தொடர்புகொள்ள நியாயமான முயற்சி செய்தேன் என்று அவர் காட்ட வேண்டும். இதற்கு முன் எந்தெந்தக் கம்பெனிக்குக் கஸ்டோடியன் ஆகக் கேட்டார், அவர்மேல் என்னென்ன வழக்குகள், விசாரணைகள் என்பதைச் சத்தியப் பிரமாணத்தில் சொல்ல வேண்டும். இதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். நாலு பங்கை வாங்கிப் போட்டுக்கொண்டு வருஷத்துக்குப் பல கம்பெனிகளுக்கு மனுப் போடுவார்கள். அதில் நேர்மையாகச் செய்பவர்களும் உண்டு, உங்கள் பழைய முகவரிக்கு ஒரு கடிதத்தைப் போட்டுவிட்டு ‘தேடினேன், கிடைக்கவில்லை’ என்பவர்களும் உண்டு. டெலவேர் மாநிலத்தில் இந்த வியாபாரம் அவ்வளவு எளிதில் எடுபடுவதில்லை. கம்பெனி வழக்குகளை விசாரிக்கும் அங்குள்ள சான்சரி நீதிமன்றம் இப்படி ஒரு மனுவைத் தள்ளுபடி செய்திருக்கிறது. கைவிட்ட கம்பெனிக்குக் கஸ்டோடியன் போடுவது அதன் கணக்கை முடித்து மூடுவதற்காக, காலி டப்பாவைத் துடைத்து விற்பதற்காக அல்ல என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

ஆகவே லாஸ் வேகஸ் இருக்கும் கிளார்க் கவுண்டி நீதிமன்றத்தில் உங்கள் கம்பெனி பெயரில் மனு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உங்களுக்கு முறையாகத் தெரிவிக்கவில்லை என்று அதே நீதிமன்றத்தில் உத்தரவை எதிர்க்கலாம். ஆனால் எனக்கென்னவோ மனு இருக்காது என்றுதான் தோன்றுகிறது. நீதிமன்ற உத்தரவு கையில் இருப்பவர் 2014 தேதியிட்ட ராஜினாமாவுக்கு அலைய மாட்டார்.

இந்த வித்தை புதிதல்ல. 2009ல் எஸ்.இ.சி. நியூயார்க்கில் தொடுத்த ஒரு வழக்கில், கும்பல் ஒன்று இருபதுக்கு மேற்பட்ட கைவிட்ட கம்பெனிகளைப் பிடித்திருந்தது. அவர்கள் செய்தது இன்னும் துணிச்சல்: செத்துப்போன கம்பெனியின் அதே பெயரில் புதிதாக ஒன்றைப் பதிவு செய்வது, பழையதுதான் இது என்று சொல்லிப் புது க்யூசிப் எண் வாங்குவது, பங்கை அச்சடித்து விற்பது. டிரான்ஸ்ஃபர் ஏஜென்டையும் தாங்களே வைத்துக்கொண்டார்கள். கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் தங்கள் ஆளே உட்கார்ந்திருந்தால் கேள்வி எங்கிருந்து வரும்? 2021 ஜூனில் மினசோட்டாவை ஒட்டி இன்னொரு வழக்கு. தூங்கிக் கிடந்த கம்பெனிகளைப் பொய்யான ராஜினாமா கடிதங்களை வைத்துக் கைப்பற்றி, கம்பெனிகள் அறிக்கை கொடுக்கும் எஸ்.இ.சி.யின் எட்கர் தளத்திலேயே தாக்கல்கள் செய்து, விலையை ஏற்றி விற்றதாக மூன்று பேர்மேல் குற்றச்சாட்டு. கடிதம்தான் கருவி என்பதைக் கவனியுங்கள். அங்கே பொய்யாகத் தயாரித்துக்கொண்டார்கள், உங்களிடம் காசு கொடுத்துக் கேட்கிறார்கள். இரண்டில் இவர்களுக்கு வசதி உங்கள் வழிதான், ஏனென்றால் மாட்டிக்கொண்டால் உங்களையும் காட்டலாம்.

சரி, உங்கள் நிலைமைக்கு வருகிறேன். இப்போது வெறும் பழைய இயக்குநர்தான் என்று உங்களை நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். அது சரியா? அடுத்தவர் தேர்ந்தெடுக்கப்படும் வரையோ, தானே விலகும் வரையோ, நீக்கப்படும் வரையோ இயக்குநர் பதவி தொடரும். உங்களுக்குப் பிறகு பங்குதாரர்கள் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை, நீங்கள் விலகவும் இல்லை. ஆகவே பதிவேட்டில் எந்தப் பெயர் இருந்தாலும், இன்றைக்கும் இயக்குநர் நீங்கள்தான் என்று வாதாட வலுவான இடம் இருக்கிறது. இது உங்கள் பலம், அதோடு உங்கள் பொறுப்பும். திருட்டு நடப்பது தெரிந்தும் ஒரு இயக்குநர் பேசாமல் இருந்தால், பின்னால் பணத்தை இழந்த முதலீட்டாளரின் வக்கீல் முதலில் கேட்பது உங்களைத்தான்.

லாபம் கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். ஆசை இயல்புதான், கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். மொத்தம் 4 கோடிப் பங்குகள் வெளியே இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 6 லட்சம் என்பது 1.5 சதவீதம். கம்பெனியைப் பிடித்தவர் முதலில் செய்வது, தான் செய்த ‘சேவை’க்குக் கூலியாகத் தனக்கே 36 கோடிப் பங்குகளை எழுதிக்கொள்வது. மொத்தம் 40 கோடி, நீங்கள் 0.15 சதவீதம். அடுத்து ஆயிரத்துக்கு ஒன்று என்று ரிவர்ஸ் ஸ்பிளிட், அதாவது ஆயிரம் பழைய பங்குகளை ஒன்றாகச் சுருக்குவது. மொத்தம் 4 லட்சம், உங்களிடம் 600. பிறகு உள்ளே வரும் கம்பெனிக்காரர்களுக்குப் புதிதாக 36 லட்சம் பங்குகள். இப்போது மொத்தம் 40 லட்சம், உங்கள் 600 என்பது 0.015 சதவீதம். ஆரம்பத்தில் இருந்ததில் நூற்றில் ஒரு பங்கு. எண்கள் உதாரணத்துக்குத்தான், வரிசை உதாரணம் இல்லை, இப்படித்தான் நடக்கும். வாக்குரிமையைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளத் அதிக வாக்குள்ள தனி ப்ரிஃபர்டு பங்கும் வெளியிடுவார், அதனால் பங்குதாரர் கூட்டத்தில் உங்கள் கை எழும்பாது.

சரி, விலை ஏறும்போது அந்த 6 லட்சத்தை விற்றுவிடலாமே என்று தோன்றும். தொடாதீர்கள். இந்தக் கம்பெனியின் நிர்வாகம் பொய் என்பது உங்களுக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டே, இயக்குநர் என்ற நிலையில் இருந்துகொண்டு விற்றால் அது இன்சைடர் டிரேடிங்காகவே பார்க்கப்படும். அது போக, நீங்கள் நிறுவனராக வாங்கிய பங்குகள், அநேகமாக ரெஸ்ட்ரிக்டட், அதாவது சந்தையில் தடையின்றி விற்க முடியாதவை. ஷெல், அதாவது வெறும் கூடு, ஆகிவிட்ட கம்பெனியின் பங்குகளுக்கு ரூல் 144 சலுகை (அப்படிப்பட்ட பங்கைப் பதிவில்லாமல் விற்க வழி செய்யும் விதி) எளிதில் கிடைக்காது. ஷெல் நிலை மாறி, முழு விவரத் தாக்கலுக்குப் பிறகு ஒரு வருஷம் கழிய வேண்டும், அறிக்கைகளும் பாக்கியில்லாமல் இருக்க வேண்டும்.

விலை ஏறுமா என்பதே சந்தேகம். 2021 செப்டம்பர் 28 முதல் 15சி2-11 என்ற எஸ்.இ.சி. விதி இறுகிவிட்டது. கம்பெனியைப் பற்றிய நடப்புத் தகவல் பொதுவில் இல்லையென்றால் புரோக்கர்கள் அதற்கு வெளிப்படையாக விலை சொல்ல முடியாது. அப்படிப்பட்ட பங்குகள் எக்ஸ்பெர்ட் மார்க்கெட் என்ற பக்கத்து அறைக்குப் போய்விட்டன, சாதாரண முதலீட்டாளர் அங்கே எட்டிப் பார்க்க முடியாது. திரும்பி வர வேண்டுமானால் ஒரு மார்க்கெட் மேக்கர் (பங்குக்கு விலை சொல்லி வாங்கி விற்கும் புரோக்கர்), புரோக்கர்களைக் கண்காணிக்கும் ஃபின்ராவிடம் ஃபார்ம் 211 கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். இதனால் திருட்டு நின்றுவிடவில்லை. ஆவணங்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் கூடியிருக்கிறது. உங்கள் கையெழுத்துக்கு விலை வந்ததும் அதனால்தான் இருக்கும்.

‘பழைய தேதி வேண்டாம், இன்றைய தேதியிலேயே ராஜினாமா செய்து அவரை நியமித்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டால்?’ என்று அடுத்ததாகக் கேட்பீர்கள், எல்லோரும் கேட்பார்கள். தேதிப் பொய் போய்விடும், ஆனால் வேறொன்று மிஞ்சும். பெரும்பான்மைப் பங்கு வைத்திருப்பவர் தன் பங்கை விற்று, அதோடு நிர்வாகமும் கைமாறினால் அது வியாபாரம். 1.5 சதவீதம் வைத்திருப்பவர் இயக்குநர் நாற்காலிக்கு மட்டும் விலை வாங்குவது பதவியை விற்பது, அமெரிக்க நீதிமன்றங்கள் அதை நெடுங்காலமாக ஏற்பதில்லை. உண்மையிலேயே நேர்மையாக ஒருவர் கம்பெனியை எடுக்க விரும்பினால் பங்குதாரர் கூட்டத்தைக் கூட்டச் சொல்லுங்கள். போன் அத்தோடு நின்றுவிடும் என்று நினைக்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது. போன் செய்தவரிடம் இனி வாதாட வேண்டாம், எழுத்தில் அனுப்பச் சொல்லிவிட்டு, பேசிய தேதி, நேரம், எண், சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். அவர் ராஜினாமா வரைவை அனுப்பினால் அழித்துவிடாதீர்கள், அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அடுத்து, இன்றைக்கே செய்ய வேண்டியது, உங்கள் பழைய டிரான்ஸ்ஃபர் ஏஜென்டுக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம்: இயக்குநர் நான், ராஜினாமா செய்யவில்லை, பதிவேட்டில் வந்திருக்கும் நபரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவர் சொல்லில் பங்கு வெளியிடவோ மாற்றவோ கூடாது, பங்குதாரர் பட்டியலைக் கொடுக்கவும் கூடாது. இப்படி ஒரு தகராறு எழுத்தில் வந்துவிட்டால் ஒழுங்கான ஏஜென்ட் நீதிமன்ற உத்தரவு வரும்வரை கையைக் கட்டிக்கொள்வார், இல்லையென்றால் பொறுப்பு அவர் தலையில். மொத்தக் காரியத்திலும் அதிகப் பலன் தருவது இந்த ஒரு கடிதம்தான். அந்த ஏஜென்ட் மூடிவிட்டாரா, வேறு ஏஜென்டுக்கு மாற்றியிருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். ஏஜென்ட் மாறியிருந்தால் அவசரம் இரண்டு மடங்கு.

அதே கடிதத்தின் நகல் ஃபின்ராவுக்கும், ஓ.டி.சி. சந்தையை நடத்தும் ஓ.டி.சி. மார்க்கெட்ஸ் நிறுவனத்துக்கும் போகட்டும். பெயர் மாற்றம், ரிவர்ஸ் ஸ்பிளிட் இரண்டும் சந்தையில் நடைமுறைக்கு வர ஃபின்ராவின் 6490 விதிப்படி விண்ணப்பிக்க வேண்டும், சந்தேகம் இருந்தால் அவர்கள் கையாள மறுக்கலாம். ஓ.டி.சி. மார்க்கெட்ஸ் அந்த டிக்கருக்குப் பக்கத்தில் மண்டையோட்டுப் படம் போட்டு எச்சரிக்கும். எஸ்.இ.சி.க்கு அவர்கள் தளத்தில் புகார் கொடுங்கள், பதில் வரவில்லை என்று சோர்ந்துவிடாதீர்கள், அவர்கள் வழக்கமே அது. பிறகு நெவாடாவில் ஒரு வக்கீல். யார் இயக்குநர் என்று அறிவிக்கக் கோரி வழக்கும், அதுவரை எதுவும் செய்யக் கூடாது என்று தடையும் கேட்க வேண்டியிருக்கும். உங்கள் ஆவணங்களைப் பார்க்காமல் கடிதத்தை மட்டும் வைத்து நான் சொல்வதைவிட அவர் சொல்வதற்கு மதிப்பு அதிகம்.

இதற்கெல்லாம் செலவாகும், செத்த கம்பெனிக்கு ஏன் அழ வேண்டும் என்றால், அந்தக் கேள்வி நியாயம். அதற்கு என் பதில், கம்பெனியைக் காப்பாற்றுவது அல்ல நம் நோக்கம், ஒழுங்காக அடக்கம் செய்வது. 2012ல் நீங்கள் அதைச் செய்திருக்க வேண்டும். எஸ்.இ.சி.யிடம் ஃபார்ம் 15 கொடுத்துப் பதிவை முடித்து, மாநிலத்தில் கலைத்திருந்தால் இந்தப் போனே வந்திருக்காது. அறிக்கைகள் பாக்கி வைத்த கம்பெனிகளின் பதிவைப் பங்குச் சந்தைச் சட்டத்தின் 12(ஜெ) பிரிவில் ரத்து செய்ய எஸ்.இ.சி.க்கு அதிகாரம் உண்டு. ரத்தான பிறகு புரோக்கர்கள் அந்தப் பங்கைத் தொட முடியாது, திருடுவதற்கு எதுவும் மிஞ்சாது. இப்படிப்பட்ட கூடுகள் மோசடிக்காரர்கள் கையில் போகக் கூடாது என்றுதான் 2012 மே மாதத்தில் ஒரே நாளில் 379 தூங்கும் கம்பெனிகளின் வர்த்தகத்தை எஸ்.இ.சி. நிறுத்தி வைத்தது. உங்களுடையதற்கு ஏற்கெனவே உத்தரவு வந்து நீங்கள் பார்க்காமல் விட்டிருக்கலாம், எட்கரில் தேடுங்கள். வரவில்லையென்றால், இயக்குநர் என்ற முறையில் நீங்களே வக்கீல் வழியாக ரத்துக்கு ஒப்புக்கொள்ளலாம். உங்கள் 6 லட்சம் பங்குகளின் மதிப்பு அப்போது பூஜ்யம். இப்போதும் அதுதான்.

கடைசியாக, இந்தியா திரும்பிய நண்பருக்கு இன்று இரவே போன் செய்யுங்கள். நீங்கள் மறுத்தால் அடுத்து அவரிடம்தான் போவார்கள், ‘நியூஜெர்சிக்காரர் சம்மதித்துவிட்டார்’ என்று சொல்லியும் கேட்பார்கள். இறந்த நண்பரின் மனைவியிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அவர் வீட்டுப் பெட்டியில் பழைய மினிட்ஸ் புத்தகமோ கம்பெனி முத்திரையோ இருந்தால், யார் கேட்டாலும் கொடுக்காமல் உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.